எலிக்குட்டிக்கு எப்போது வியர்க்கும்?

எலிக்கு உள்ளங்காலில் மட்டும்தான் வியர்க்கும். அந்தச் சுரப்பிகள் குட்டி பிறந்த பிறகே முழுதாக உருவாகின்றன. நேற்று இரவு இதைப் படிக்க உட்கார்ந்தவன் தூக்கத்தைத் தொலைத்துவிட்டேன்.

வளர்ந்த எலியின் வியர்வைச் சுரப்பிக்குக் கட்டளை தருவது நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். ஆனால், பிறந்த புதிதில் அங்கே வந்து சேரும் நரம்பிடம் இருப்பதோ நோர்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருள். முதல் சில வாரங்களில் நரம்பு தன் சரக்கையே மாற்றிக்கொள்கிறது! மாற்றச் சொல்வது சுரப்பிதான். நரம்பியல் ஆய்வாளர் ஸ்டோரி லாண்டிஸ் குழுவினர் 1988இல் வியர்வைச் சுரப்பியை முடியுள்ள தோலில் ஒட்டவைத்தார்கள். வழக்கமாக நோர்அட்ரினலினையே வைத்திருக்கும் அங்கிருந்த நரம்புகளும் அசிட்டைல்கோலினுக்கு மாறின. 1994இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது: நரம்பின் நோர்அட்ரினலின் தூண்டுவதால், நரம்பை மாற்றும் பொருளைச் சுரப்பி உண்டாக்குகிறது என்று ஆய்வு காட்டியது. தன்னை மாற்றப்போகிறவனை நரம்பே தட்டி எழுப்புகிறது.

வியர்த்ததா என்று பார்க்கும் முறையும் அழகு. உள்ளங்காலில் சிலிக்கோன் பசையைப் பூசி, இறுகியதும் உரித்தால், ஒவ்வொரு வியர்வைத் துளியும் அச்சில் சிறு குழியாகத் தெரியும்.

பிறந்தவுடன் இந்த நரம்புகளை அழித்துவிட்டால்? சுரப்பி வளர்கிறது. அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் மஸ்கரினிக் ஏற்பிகளும் இருக்கின்றன. ஆனால், தூண்டும் மருந்தைச் செலுத்தினாலும் வியர்க்காது. ஏற்பியைப் பூட்டு, அதில் பொருந்தும் வேதிப்பொருளைச் சாவி என்று வரைந்து முடித்துவிடும் பாடநூல்கள் இந்த எலியை எந்தப் பக்கத்தில் வைக்கும்?