தளம் போட்ட பிறகு வரும் செலவு

வீடு கட்டப் போகிறோம் என்று சொன்னவுடன் எங்கள் ஊர்ப்பக்கம் எழும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு என்ன பேசியிருக்கீங்க?" என்பதுதான். அந்த எண்ணை ஆயிரத்தாலோ ஆயிரத்து இருநூறாலோ பெருக்கி, வந்த தொகைக்கு வீட்டுக் கடனும் நகைக் கடனும் ஏற்பாடு செய்துகொண்டு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டத் தொடங்குகிறவர்களே பெரும்பாலோர். என் தம்பி அருப்புக்கோட்டைக்கு அருகே வீடு கட்டியபோது கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த நோட்டை இப்போது புரட்டிப் பார்த்தாலும் தெரிவது இதுதான்: சதுர அடி விலை ஒப்பந்தக்காரரோடு பேரம் பேச உதவும், எந்த மாதம் எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

முதலில், எந்தச் சதுர அடி என்பதையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவர் வெளிச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளக்கிறார். இன்னொருவர் மேலே போடும் கான்கிரீட் தளம் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவையும் சேர்த்துக்கொள்கிறார். கார் நிறுத்தும் போர்டிகோவை முழுப் பரப்பாகக் கணக்கிடுவாரா பாதியாகவா, மாடிப்படிக்கு மேலுள்ள தலையறை கணக்கில் வருமா என்பவற்றை எழுத்தில் வாங்காமல் இரண்டு பேரின் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை. குறைந்த விலை சொன்னவரின் மொத்தத் தொகை கூடுதலாக இருப்பது அபூர்வமான செய்தி அன்று. அடுத்து, அந்த விலைக்குள் வராதவை: போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், வரைபட அனுமதிக் கட்டணம், கட்டுமான வேலைக்கான தற்காலிக மின் இணைப்பு. விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்தது. அதனால் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு அனுமதி எளிதாகியிருக்கிறது. ஆனால் கட்டணம் இல்லாமல் போகவில்லை.

தரைக்குக் கீழே போகும் பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் கரிசல். மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண்ணில், கீழே சுக்கான் என்னும் கெட்டியான சுண்ணாம்புக் கல் படிவம் தட்டும் வரை தோண்டாமல் எந்தக் கொத்தனாரும் அஸ்திவாரம் போடத் துணிய மாட்டார். அது நான்கடியில் தட்டுமா ஏழடியில் தட்டுமா என்பது பக்கத்து மனைக்காரருக்குக்கூட உறுதியாகத் தெரியாது. ஆகையால் எஸ்டிமேட் எழுதுவதற்கு முன்பே மனையின் இரண்டு மூலைகளில் குழி வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பிறகு பேஸ்மட்டம், அதாவது நிலத்துக்கு மேல் வீட்டுத் தரை வரை உயர்த்தும் பகுதி. வெளி அளவில் 1,000 சதுர அடி உள்ள வீட்டில் சுவர்க் கனம் போக உள்ளளவு ஏறக்குறைய 850 சதுர அடி என்று கொள்வோம். மூன்றடி உயரத்துக்கு 2,550 கன அடி நிரப்ப வேண்டும். தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தால் மண் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாகக் கணக்கிட்டால் 3,200 கன அடியை நெருங்கும். நூறு கன அடி ஒரு யூனிட் ஆகையால் 32 யூனிட் கிராவல் மண். தோண்டிய கரிசலையே உள்ளே தள்ளிவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்க வேண்டாம்; நாளைக்குத் தரை அதன்மேல்தான் நிற்கப்போகிறது.

இப்படிக் கணக்குப் போட பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. 1,000 சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் தளம் போட்டால் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் கான்கிரீட். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் 95 மூட்டை. கன மீட்டருக்கு 80 கிலோ கம்பி என்று வைத்தால் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. பொறியாளரின் வரைபடத்தில் இது கூடலாம், குறையலாம். ஆனால் யாராவது 150 மூட்டை கேட்டால் ஏன் என்று கேட்கும் தைரியம் நமக்கு வரும். கம்பிக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு முழுக் கம்பி பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரி வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு ஏறிவிட வேண்டும். நடுவில் குவிந்தும் ஓரங்களில் சரிந்தும் இருக்கும் மணலில் நான்கைந்து இடங்களில் கம்பியைக் குத்தி உயரத்தின் சராசரியை எடுத்தால், 12 அடி நீளம், 6.5 அடி அகலம், 3.5 அடி உயரம் என்று வரும். பெருக்கினால் 273 கன அடி. மூன்று யூனிட் என்று பில் போட்டிருந்தால் 27 கன அடிக்குப் பணத்தைக் கழித்துக்கொண்டு தருவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

தளம் போடும் நாளில் பிரியாணி போட்டு, கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, "இனி என்ன, வீடு முடிந்த மாதிரிதான்" என்று உறவினர்கள் வாழ்த்திவிட்டுப் போவார்கள். செலவைப் பொறுத்தவரை அப்போது பாதியை ஒட்டித்தான் வந்திருப்போம். அதுவரை பணம் போனது அளவுக்குக் கட்டுப்பட்டது. இனிமேல் போவது ஆசைக்குக் கட்டுப்பட்டது. தலைவாசல் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை அடிக்கு ஏழு அடி, ஐந்துக்கு நான்கு அங்குலக் கட்டை என்றால் கீழ்ப்படியும் சேர்த்து 21 அடி நீளம், ஏறத்தாழ 2.9 கன அடி மரம். நாட்டுத் தேக்கா, ஆப்பிரிக்கத் தேக்கா, பர்மாத் தேக்கா என்பதில் கன அடி விலை மடங்குக் கணக்கில் மாறுகிறது. டைல்ஸ் கடையில் சதுர அடிக்கு நாற்பது ரூபாய்தானே கூடுதல் என்று தோன்றும். 850 சதுர அடித் தரைக்கு வெட்டுச் சேதம் பத்து சதவீதம் சேர்த்தால் 37,400 ரூபாய். பட்டி, பிரைமர், பெயிண்ட் ஆகியவற்றுக்கான பரப்பும் தரைப் பரப்பு அன்று. உட்சுவரும் மேற்கூரையும் சேர்ந்து அதைப்போல் மூன்றரை, நான்கு மடங்கு வரும். வயரிங் வேலைக்குப் பாயிண்ட் கணக்கில் கூலி என்பதால், சுவரை வெட்டுவதற்கு முன் ஒவ்வோர் அறையிலும் சாக்பீஸால் சுவிட்ச் இடங்களைக் குறித்து எண்ணிப் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் அந்த வேலையை மதினிதான் செய்தார். சமையலறையில் அவர் குறித்த இடங்களுக்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

வங்கிக் கடன் இந்த ஓட்டத்துக்கு ஒத்துப் போவதில்லை என்பதுதான் அடுத்த சிக்கல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனில் மதிப்பின் 90 சதவீதமும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும்தான் உச்சவரம்பு. அதையும் ஒரே நாளில் தர மாட்டார்கள். நம் பங்கைப் போட்டுக் காட்ட வேண்டும், பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்), தளம் என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டும். ஆனால் சனிக்கிழமைக் கூலி மதிப்பீட்டாளருக்காகக் காத்திருக்காது. ஒரு கட்டத்தை முடிப்பதற்கான பணம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதால், தம்பிக்கு மொத்தச் செலவுப் பட்டியலோடு மாதவாரிப் பட்டியல் ஒன்றையும் எழுதிக் கொடுத்தேன். அதில் வாடகையும், வாங்கிய அளவு கடனுக்கான வட்டியும் தனி வரிகள். 20 லட்சம் வாங்கியிருந்தால் எட்டரை சதவீதத்தில் மாதம் 14,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டுமே போகும். வேலை மூன்று மாதம் இழுத்தால் அதுவே ஒரு செலவினம்.

விலைகளும் நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மழைக்காலத்தில் சூளை வேலை நின்றால் செங்கல் ஏறிவிடும். ஆகவே எஸ்டிமேட்டில் தேதி இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எந்தப் பொருள் எவ்வளவு ஏறினால் யார் பொறுப்பு என்ற வரியும் இருக்க வேண்டும். பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் செய்தால் தனி வீட்டின் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முழு ஒப்பந்தத்தில் அது விலைக்குள் அடங்கியிருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். தவணைகளை மாதக் கணக்கில் பிரிக்காமல், முடிந்த வேலையின் கணக்கில் பிரித்து எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. கடைசி ஐந்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று பெய்து, மாடித் தளத்திலும் ஜன்னல் ஓரங்களிலும் ஓதம் (ஈரக்கசிவு) இறங்கவில்லை என்று பார்த்த பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளலாம். நேர்மையான கொத்தனார்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.