ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு: டி.சி. முதல் எமிஸ் வரை

அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று பெரும்பாலான வீடுகளில் இரண்டு முறை யோசிக்கிறார்கள். எல்.கே.ஜி. சேர்க்கும்போது ஒரு முறை, பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போது இன்னொரு முறை. தமிழ்நாட்டில் அந்த முடிவுக்கு உண்மையான கெடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: ஐந்தாம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறை. சேர்க்கை நேரத்தில் அரசுப் பள்ளி அலுவலக அறையில் உட்கார்ந்து பார்த்தால் இது சீக்கிரமே புரிந்துவிடும். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு வரும் பெற்றோரிடம் "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று தலைமையாசிரியர் சொல்வதற்குக் காரணம் பாடம் அல்ல, சட்டம்.

2020-இல் வந்த சட்டம் மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி போன்ற இளநிலைப் படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. 2021-இல் வந்த இன்னொரு சட்டம் அதே 7.5 சதவீதத்தைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் கொண்டுவந்தது. நீட் தகுதி மதிப்பெண் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் மட்டுமே போட்டியிடுகிறார்கள், கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. ஏழு ஆண்டுகளும் முழுசாக வேண்டும். ஏழில் ஆறு இருந்தால் போதும் என்று யாரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கில்தான் ஓடுகின்றன. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதைத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் எழுதவே முடியாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத அரசு வேலை ஒதுக்கீடு மட்டும் வேறு கணக்கு. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு மெட்ரிக்கில் ஆங்கில வழி படித்துவிட்டு ஆறில் தமிழ் வழிக்கு வந்தால் அது திரும்பக் கிடைக்காது. அதை நம்பிப் பிள்ளையின் பயிற்று மொழியை மாற்ற வேண்டாம்.

பிள்ளை எங்கே நன்றாகப் படிக்கும் என்பதற்கு "அரசு", "தனியார்" என்ற சொற்கள் பதில் தராது. சமச்சீர் கல்வி 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு நிலைத்த பிறகு மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். நிரந்தரப் பணியிடத்துக்கு வரும் அரசுப் பள்ளி ஆசிரியர் போட்டித் தேர்வையோ தகுதித் தேர்வையோ கடந்து வந்தவர், சம்பளமும் முறையானது. பல தனியார் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஆண்டுக்காண்டு மாறுவதற்குச் சம்பளம்தான் காரணம். அங்கே பலமாக இருப்பது கண்காணிப்பு. தினமும் டைரி பார்ப்பார்கள், வாரத் தேர்வு வைப்பார்கள், பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். அரசுப் பள்ளியில் பலவீனமாக இருப்பது காலிப் பணியிடம். கணக்கு ஆசிரியர் பணியிடம் டிசம்பர் வரை நிரம்பாவிட்டால் மற்ற ஆசிரியர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தும் அந்த ஆண்டுக் கணக்கு போனதுதான். தனியார் தரப்பின் பெரிய குறை இன்னொன்று: ஒன்பதாம் வகுப்பில் பத்தின் பாடத்தையும், பிளஸ் ஒன்னில் பிளஸ் டூ பாடத்தையும் நடத்திவிடும் பழக்கம். 2017–18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதே அதைத் தடுக்கத்தான்; 2025–26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. நீட், ஜே.இ.இ. கேள்விகளில் ஏறக்குறையப் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகிறது என்பதை யோசித்தால், அந்தத் தாவல் யாருக்கு நஷ்டம் என்று விளங்கும்.

ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் பார்ப்பதைவிடத் தலைமையாசிரியரிடம் நேராகக் கேட்பது நல்லது. ஆறு முதல் பத்து வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்துக்கும் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா? காலியிடம் எதில்? தற்காலிகமாக யாராவது எடுக்கிறார்களா? ஒரு பிரிவில் எத்தனை பிள்ளைகள்? ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்ட அளவு. ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா, அது பத்து வரையா, பன்னிரண்டு வரையா? மேல்நிலையில் உயிரியல்–கணிதக் குரூப் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு ஹெச்.எம். தயங்காமல் பதில் சொன்னால் பள்ளி அவர் கையில் இருக்கிறது என்று பொருள். கூடவே மாணவியர் கழிப்பறையை மதிய இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள், காலையில் அல்ல. தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

"அரசுப் பள்ளி" என்பதற்குள் எது வரும் என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பள்ளிக் கல்வித் துறைப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் 7.5-க்குள் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, கட்டணம் இல்லை, சத்துணவு உண்டு, பாடநூல் இலவசம் என்பதால் அதை அரசுப் பள்ளி என்றே ஊரில் சொல்வார்கள். சேர்த்த பிறகு 7.5-க்கு விண்ணப்பிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உண்டு, 7.5 கிடையாது. இன்னும் நுட்பமான சிக்கல், ஒரே வளாகத்தில் தமிழ் வழி உதவி பெறும் பிரிவாகவும், ஆங்கில வழி சுயநிதிப் பிரிவாகவும் நடப்பது. சுயநிதிப் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு எந்தச் சலுகையும் ஒட்டாது. மாதாமாதம் கட்டண ரசீது கொடுக்கிறார்களா என்று கேட்டாலே எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும்.

இனி வேலை. முதலில் புதிய பள்ளியில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. ஆங்கில வழிப் பிரிவு உள்ள பெயர்பெற்ற பள்ளிகளில் மே மாதத்துக்குள் இடம் நிரம்பும். ஆதார் நகல், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், புகைப்படம் ஆகியவற்றோடு போய்ப் பேசினால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பழைய பள்ளிக்கு எழுத்தில் ஒரு கடிதம்: பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (மாநிலக் கணினிப் பதிவில் மாணவருக்கு உள்ள எண்), "மேற்படிப்புக்காக மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) தேவை" என்ற ஒரு வரி, தேதி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் தேதி எங்கும் பதிவாகாது.

இங்கேதான் "அடுத்த வருஷ ஃபீஸ்ல ஒரு டெர்ம் கட்டிட்டு வாங்கிக்கோங்க சார்" என்ற பேச்சு வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, அரசு அல்லது உதவி பெறும் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தரச் சொல்கிறது. அது வர தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கட்டண பாக்கியை வசூலிக்க மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. உண்மையிலேயே பாக்கி இருந்தால் கட்டுவதுதான் முறை. அந்தத் தொகை கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த கட்டணத்துக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சேராத ஆண்டுக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இழுத்தடித்தால் மாவட்டக் கல்வி அலுவலர்களில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார், முத்திரை வாங்கிய கடித நகலோடு அவரிடம் மனுக் கொடுக்கலாம். 14417 உதவி எண்ணிலும் புகார் பதியலாம். புகார் பதிந்ததாகச் சொன்ன அன்று மாலையே டி.சி. தயாராகிவிடுவதும் உண்டு!

கைக்கு வந்த டி.சி.யை அங்கேயே நின்று படியுங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தமிழில் "மு" என்ற தலைப்பெழுத்து ஆங்கிலத்தில் சில இடத்தில் ஒற்றை எழுத்தாகவும் சில இடத்தில் இரண்டெழுத்தாகவும் போடப்பட்டிருக்கும். இது பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போதும் வங்கிக் கணக்கில் ஆதாரை இணைக்கும்போதும் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். கடைசியாகப் படித்த வகுப்பு, மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா, பயிற்று மொழி, முதல் மொழி ஆகியவற்றையும் பாருங்கள். அசலைப் புதிய பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளும், திரும்பத் தராது. கொடுக்கும் முன் மூன்று நகல் எடுத்துவிடுங்கள்.

டி.சி. வாங்கியாயிற்று, பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தாயிற்று என்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதி எமிஸ். ஒவ்வொரு மாணவருக்கும் மாநிலக் கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு, பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது. பழைய பள்ளி பிள்ளையைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்தால் அவர் பெயர் "காமன் பூல்" என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள முடியும். டி.சி.யைக் கொடுத்துவிட்டு எமிஸில் விடுவிக்காமல் வைத்திருப்பது சாதாரணமாக நடக்கிறது. சில இடங்களில் சோம்பல், சில இடங்களில் மாணவர் எண்ணிக்கையைக் காட்டும் நோக்கம். விளைவு பிள்ளை தலையில் விழும். வருகைப் பதிவு ஏறாது, நலத்திட்டப் பொருள்களின் கணக்கில் பெயர் வராது. எல்லாவற்றையும்விட மோசம், பதிவேட்டின்படி பிள்ளை இன்னும் தனியார் பள்ளியிலேயே படிக்கிறது. இந்த நிலை ஆறாம் வகுப்பு முழுக்க நீடித்தால் ஏழு ஆண்டுக் கணக்கில் ஓட்டை விழும்.

அதனால் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் வகுப்பாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி: "எமிஸ்ல எங்க பிள்ளை உங்க பள்ளிக்கு வந்தாச்சா?" வரவில்லை என்றால் பழைய பள்ளிக்குப் போன் செய்து விடுவிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் புதிய பள்ளியே எமிஸ் வழியாகக் கோரிக்கை எழுப்பலாம், அல்லது தலைமையாசிரியர் மூலம் மாவட்ட எமிஸ் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லலாம். பெயர் திருத்தம், பயிற்று மொழித் திருத்தம் எல்லாவற்றையும் இதே மாதத்தில் முடித்துவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பில் இவற்றுக்காக அலைவது வேறு வகை வேலை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் விதி தளர்வு உண்டு. அந்த ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிகிறது, ஒன்பதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அப்போது அரசுப் பள்ளிக்கு வந்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படித்தால் 7.5-க்குத் தகுதி இருக்கிறது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில்தான் சேர்ந்தார் என்பதற்கான சேர்க்கை ஆணை அல்லது பழைய பள்ளியின் சான்று கையில் இருக்க வேண்டும். எல்.கே.ஜி. சேர்க்கையின்போது வந்த குறுஞ்செய்தியும் தாளும் பத்து ஆண்டு கழித்துத் தேவைப்படும் என்று யாரும் நினைப்பதில்லை.

சி.பி.எஸ்.இ.யிலிருந்து வருபவர்களுக்கு இடறுவது தமிழ்ப் பாடம். இந்தியோ பிரெஞ்சோ எடுத்துத் தமிழை ஒப்புக்குப் படித்த பிள்ளை ஆறில் வந்தால் சமாளித்துவிடும், ஒன்பதில் வந்தால் கஷ்டம். பத்தாம் வகுப்பில் தமிழ் கட்டாயம், 35 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. மெட்ரிக்கிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்கு முதல் பருவத்தில் உறுத்துவது வேறு: யாரும் துரத்துவதில்லை. வீட்டுப்பாடம் டைரியில் எழுதி வராது. காலாண்டுத் தேர்வு வரை பெற்றோர் தினமும் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். கூட்டத்துக்குப் போய், காலிப் பணியிடத்தைத் தீர்மானமாக எழுத வையுங்கள். ஹெச்.எம். தனியாக எழுதும் கடிதத்தைவிட அதற்கு மேலிடத்தில் மதிப்பு அதிகம்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையை விடுதியுள்ள தனியார் பள்ளிக்கு மாற்றும் ஆசை வரும். நீட் பயிற்சியும் சேர்த்துத் தருவதாகச் சொல்வார்கள். அந்த இரண்டு ஆண்டில் 7.5 சதவீதமும் போய்விடும், மாதம் 1000 ரூபாயும் போய்விடும். பொதுப் போட்டியில் இடம் பிடிக்கும் அளவுக்கு மதிப்பெண் வரும் என்ற உறுதி இருந்தால் மட்டும் போகலாம். எண்ணி ஒரு சிலருக்குத்தான் அந்தக் கணக்கு பலிக்கும்.

எட்டு வரை நடுநிலைப் பள்ளியிலும் பிறகு மேல்நிலைப் பள்ளியிலும் படித்தால் இரண்டு பள்ளிகளிலிருந்தும் பயின்றமைக்கான சான்று வேண்டும். நடுநிலைப் பள்ளியை விட்டு வரும் அன்றே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வகுப்புகள், எந்தப் பயிற்று மொழி, அரசுப் பள்ளி என்ற விவரம் ஆகிய நான்கும் தெளிவாக இருக்கும்படி தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி டி.சி. நகலோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.