சென்சாருக்குள் ஒரு காந்தம்

மார்ச் 4
காந்தப்புலத்தை அளக்கும் எங்கள் சென்சாரை, பயாஸ் காந்தம் (சென்சாருக்குள்ளேயே ஒரு நிலையான புலத்தைத் தரும் சிறு காந்தம்) வைக்காமல் இன்று மறுபடி அளந்தேன். வெளிப்புலத்தைச் சீராகக் கூட்டினால் மின்தடையும் சீராக மாற வேண்டும். இது நடுநடுவே சட்டென்று குதிக்கிறது. புலத்தைக் குறைத்து வரும்போது வேறொரு இடத்தில் குதிக்கிறது. சென்சாரின் பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை) பட்டைக்குள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் காந்தமாகியிருக்கும் சிறு பகுதிகளான காந்தக் களங்களின் சுவர்கள் சிக்கிச் சிக்கி நகர்வதால் வரும் இரைச்சல் இது. 1919-இல் இயற்பியலாளர் பார்க்கவுசன் கண்டறிந்தது. எந்த வடிகட்டியும் இதைத் தீர்க்காது. களங்களே பிரியாதபடி பட்டை முழுவதையும் ஒரே திசையில் பிடித்து வைக்க வேண்டும்.

மார்ச் 6
பயாஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மின்னோட்டத்துக்கும் காந்தமாதலுக்கும் (பட்டை காந்தமாகியிருக்கும் திசைக்கும்) இடையே உள்ள கோணத்தைப் பொறுத்துத்தான் மின்தடை மாறுகிறது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் வளைகோட்டின் உச்சியில் நிற்கிறோம்: சிறிய புலம் வந்தாலும் மாற்றம் தெரியாது, அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதும் தெரியாது. காந்தமாதலை 45 டிகிரி சாய்த்துவிட்டால் நேரான சரிவு கிடைக்கும். கம்பிச்சுருள் வைத்தும் சாய்க்கலாம், ஆனால் அது ஓயாமல் மின்சாரம் தின்னும், சூடேறும். சில்லிலேயே படிய வைத்த நிலைக்காந்தப் படலத்துக்கு மின்சாரமே வேண்டாம். பேட்டரியில் ஓடும் கருவிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 11
பயாஸ் காந்தப் படலத்தைப் படிய வைத்தாயிற்று: முதலில் குரோமியம், அதன்மேல் கோபால்ட்-குரோமியம்-பிளாட்டினம். கீழே குரோமியம் இருந்தால்தான் கோபால்ட் படிகங்களின் காந்த அச்சு படலத்தின் தளத்திலேயே படுக்கும். காந்தநீக்குப் புலம் (காந்தத்தன்மையை அழிக்கத் தேவையான எதிர்ப்புலம்) 150 மில்லிடெஸ்லாவுக்குச் சற்று மேலே வந்தது. நாங்கள் அளக்கப்போவது சில மில்லிடெஸ்லாதான், அது இந்தக் காந்தத்தை அசைக்காது. நியோடிமியம் இதைவிட வலுவானது, சரி. ஆனால் அது படிகமாக 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். பக்கத்திலுள்ள பெர்மல்லாய் அதற்குத் தாங்காது.

மார்ச் 12
வெற்றிட பம்ப் பழுது. வேலை நடக்கவில்லை.

மார்ச் 17
கணக்கு போட்டுப் பார்த்தேன். பட்டை இரு பயாஸ் காந்தங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. அதன் நடுவே கிடைக்கும் புலம், எஞ்சு காந்தத்தையும் (வெளிப்புலத்தை எடுத்த பின்னும் படலத்தில் தங்கும் காந்தத்தன்மை) படலத்தின் தடிமனையும் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் வருவதற்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 0.8 டெஸ்லா, 50 நானோமீட்டர், 10 மைக்ரோமீட்டர் என்று வைத்தால் சுமார் 2.5 மில்லிடெஸ்லா. பூமியின் புலத்தைப் போல ஐம்பது மடங்கு இருக்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் இது இரட்டிக்கும். ஆனால் காந்தத்தின் விளிம்பை ஒட்டிய இடத்தில் புலம் நடுப்பகுதியைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே பெர்மல்லாய் இறுகிப்போய் எதற்கும் அசையாது. காந்தம் வலுக்க வலுக்கச் சென்சார் மந்தமாகும். குதிப்பு நிற்கும் அளவுக்குப் புலம் இருந்தால் போதும், அதற்கு மேல் கூட்டவே கூடாது என்பதுதான் என் கட்சி.

மார்ச் 20
இன்று விளிம்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். சென்சாரில் நான்கு பட்டைகளைப் பாலம் என்ற மின்சுற்றாக இணைத்திருக்கிறோம்; அதன் நான்கு கைகளில் இரண்டின் காந்தமாதல் இந்தப் பக்கமும் மற்ற இரண்டினுடையது அந்தப் பக்கமும் சாய வேண்டும். ஆனால் வேஃபர் (பல சில்லுகளைத் தாங்கும் வட்டத் தகடு) முழுவதையும் ஒரே பெரிய புலத்தில், ஒரே திசையில்தான் காந்தமாக்க முடியும். வழி வெட்டில் இருக்கிறது! காந்தத்தின் விளிம்பைச் சாய்வாக வெட்டினால் காந்தத் துருவங்கள் அந்தச் சாய்வின் மேல் உட்காரும். இடைவெளியில் புலம் விளிம்புக்குச் செங்குத்தாகவே பாயும். இரண்டு கைகளுக்கு இடச்சாய்வு, மற்ற இரண்டுக்கு வலச்சாய்வு. ஒரே தடவை காந்தமாக்கினால் இரண்டு திசைகளும் கிடைத்துவிடும். எத்தனை அழகான வழி!

ஆனால் பட்டையின் வடிவமே காந்தமாதலை நீளவாக்கில் இழுக்கும். அதனால் 45 டிகிரி வெட்டு 45 டிகிரி சாய்வைத் தராது, வெட்டை இன்னும் சாய்க்க வேண்டும். சாய்க்கச் சாய்க்கத் துருவ வலிமை குறையும். 60 டிகிரியில் பாதிதான் மிஞ்சும்.

மார்ச் 28
சாய்வெட்டு மாதிரிகள் அளந்தாயிற்று. குதிப்பு இல்லை. போகும் கோடும் வரும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, கைகளின் சரிவுகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. உணர்திறன் மட்டும் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அடுத்த சுற்றில் இடைவெளியை அப்படியே வைத்துவிட்டுக் காந்தப் படலத்தை 40 நானோமீட்டருக்கு இறக்குகிறேன். அப்புறம், சூடாக்கும் வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே காந்தமாக்க வேண்டும் என்று செய்முறைத் தாளில் சேர்த்திருக்கிறேன்.