கவனம் வேண்டும், பயம் வேண்டாம்

தொழுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன் என்று சொன்னால், நான் நீட்டும் தட்டிலிருந்து பிஸ்கட் எடுக்க இன்றைக்கும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தப் பயம் மோசேயின் காலத்திலேயே இருந்தது. ஒரு தலைமுறையில் போய்விடாது.

மருத்துவம் தன் பங்கைச் செய்துவிட்டது. 1873-ல் நார்வேயில் டாக்டர் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பரம்பரை நோய் என்றும் சாபம் என்றும் நம்பிக்கொண்டிருந்ததற்கெல்லாம் அன்றே பதில் கிடைத்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இந்த நோயால் தோலில் வரும் தேமல் ஐந்துக்குள் இருந்தால் பெரும்பாலும் ஆறு மாதம், அதற்கு மேல் போனால் ஒரு வருஷம் மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும்.

இதெல்லாம் பரீட்சைக்குப் படித்து எனக்கு மனப்பாடம். ஆனாலும் இந்த வார்டுக்கு வந்த புதிதில், விரல்கள் தேய்ந்துபோன ஒரு கையைப் பிடிக்கும் முன் என் கை ஒரு நொடி நின்றது உண்மை. தெரிந்துகொண்டதால் பாதிப் பயம் போயிற்று. மீதிப் பாதி அறிவுக்குக் கட்டுப்படாத இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அங்கே ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். காலையில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து பிளாஸ்டிக் தொட்டிகளில் காலை ஊறவைத்திருப்பார்கள். இருபது நிமிஷம் ஊறிய பிறகு சிஸ்டர் சின்ன முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு பாதமாகத் தன் மடியில் துண்டை விரித்து வைத்துக்கொள்வார். காய்த்துப்போன தோலைச் சுரண்டி எடுப்பார். விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா, உள்ளங்காலில் எங்காவது சூடு தெரிகிறதா என்று தடவிப் பார்ப்பார். சூடு இருந்தால் அங்கே புண் வரப்போகிறது என்று அர்த்தம். அப்புறம் ஈரம் தங்க எண்ணெய் பூசுவார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பேரன் பள்ளிக்கூடம் போனானா, மாடு கன்று போட்டதா என்று பேச்சும் ஓடும். "உங்களுக்குப் பயமே இல்லையா சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு வந்தா நானும் மாத்திரை சாப்பிடுவேன். அதுக்காக ஆண்டவர் என்னை விட்டுடுவாரா?" என்று சொல்லிவிட்டு அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தார்.

நான் அதுவரை கேட்ட பிரசங்கங்களில், விசுவாசம் இருந்தால் ஒன்றும் வராது என்பதுதான் அதிகம். சிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. வரலாம், வந்தாலும் நான் நேசிக்கப்படுகிறவள்தான் என்றார். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒன்றும் வராது என்ற நம்பிக்கை, ஏதாவது வந்த அன்றைக்கு உடைந்துபோகும். ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873-ல்தான் பெல்ஜிய குருவானவர் தாமியான் ஹவாயின் மொலோக்காய்த் தீவுக்குப் போனார். அங்கே ஒதுக்கிவைக்கப்பட்ட தொழுநோயாளிகளோடு சாப்பிட்டார், அவர்களுக்குக் கட்டுப் போட்டார், பிணங்களை அடக்கம் செய்தார். அவருக்கும் தொழுநோய் வந்தது, 1889-ல் இறந்தார். அவருடைய விசுவாசம் குறைவானது என்று யார் சொல்ல முடியும்? நம் நாட்டிலேயே, 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சின்ன மகன்களும் வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். மகளோடு அங்கேயே தங்கி, பாரிபதா தொழுநோய் இல்லத்தின் வேலையைச் சில வருஷம் தொடர்ந்தார். மோசமானது நடந்து முடிந்த பிறகும் அந்தப் பெண்ணைப் பயம் ஆளவில்லை.

இதைச் சொன்னால், அப்படியானால் ஜாக்கிரதையே வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். புண்ணைத் தொடும்போது கையுறை போடுகிறேன், கட்டுப் பிரித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். நோயாளிகளிடமும் தினமும் பேசுவது ஜாக்கிரதையைப் பற்றித்தான். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, நரம்பு கெட்டு வலி தெரியாததால்தான் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று எடுத்துக் காட்டினார். சூடான டம்ளர், அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரம், செருப்புக்குள் கிடக்கும் ஒரு சின்னக் கல், எல்லாமே எதிரி. அதனால் துணி பிடித்து இறக்குங்கள், செருப்பை உதறிப் போடுங்கள், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள் என்று சலிக்காமல் சொல்கிறோம். கவனம் என்பது உடம்பின் மேல் உள்ள அக்கறை. பயம் வேறு. பயம் வந்தவர் உள்ளங்காலைப் பார்க்கவே மாட்டார், எதையாவது கண்டுவிடுவோமோ என்று.

நான் அதிகம் யோசிப்பது தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தைப் பற்றி அல்ல. அதைவிட ஆழமாகப் போகிற ஒரு பயம் உண்டு. அதைக் கிறிஸ்தவ நோயாளிகளிடமே அதிகம் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு அக்கா வந்தார். நூல் கட்டும்போது சுண்டுவிரல் சொன்னபடி கேட்கவில்லை என்றார். உணர்ச்சி பார்க்கும் சோதனைக்காக மேஜையில் கையை விரித்து வைக்கச் சொன்னேன். "கண்ணை மூடிக்குங்க அக்கா, பேனா முனையால தொடுவேன், தொட்ட இடத்தை மறு கையால காட்டுங்க." கட்டைவிரல், ஆள்காட்டி விரல் எல்லாம் சரியாகக் காட்டினார். மோதிர விரலின் ஓரத்திலும் சுண்டுவிரலிலும் தொட்டேன். அவர் கை அசையவில்லை. மறுபடி தொட்டேன். கண்ணை மூடியபடியே, "ஏன் சிஸ்டர் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

முழங்கையின் உட்புறத்தில் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. முதுகில் ஒரு பெரிய தேமல், அது வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். ஏன் காட்டவில்லை என்று கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. ஜெபக்கூட்டத்தில் ஒருவர், மறைவான பாவத்தை அறிக்கையிட்டால்தான் இது போகும் என்று சொல்லியிருக்கிறார். இவரும் யோசித்து யோசித்துப் பார்த்து, சின்ன வயதில் சொன்ன பொய்வரைக்கும் அறிக்கை செய்திருக்கிறார். தேமல் போகவில்லை. "இன்னும் இன்னா பாவம் பாக்கி இருக்குதுன்னு தெரியல சிஸ்டர்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. நரம்பு பாதிக்கப்பட்ட முதல் ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையில் பெரும்பாலும் உணர்ச்சியையும் பலத்தையும் மீட்கலாம். தள்ளிப்போகப் போக அந்த வாய்ப்புக் குறையும். ஆண்டவர் தன்னைத் தண்டிக்கிறார் என்று நம்புகிறவர் தேமலை மறைக்கிறார், மறைக்கிற காலத்தில் நரம்பு சாகிறது, விரல் மடங்குகிறது. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும், பயமானது வேதனையுள்ளது" என்று யோவான் தன் முதல் நிருபத்தில் எழுதியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் அங்கே பேசுவது இருட்டையோ வியாதியையோ பார்த்து வரும் பயத்தை அல்ல. ஆண்டவர் என்னை அடிப்பார் என்ற பயத்தைத்தான் பேசுகிறார். அந்தப் பயம் எப்படி வேதனையாகிறது என்பதை நான் மடங்கிய கைகளில் பார்க்கிறேன்.

அன்றைக்கு அவரிடம் நான் பெரிதாக எதுவும் போதிக்கவில்லை. இது மூச்சு வழியாக வரும் கிருமி, உள்ளே போய் நோயாக வெளியே தெரியச் சில வருஷங்கள் ஆகும், யார் பாவி என்று அது பார்க்காது என்றேன். அடுத்த மாதம் மாத்திரை அட்டை வாங்க வந்தபோது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்தோம். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்க, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொல்லும் இடம். அப்புறம் மாற்கு முதல் அதிகாரம். அங்கே குஷ்டரோகியை இயேசு முதலில் தொடுகிறார், சுத்தமாகு என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த இடத்தில் அக்கா விரலை வைத்துக்கொண்டு, "அப்போ வியாதி இருக்கும்போதேவா தொட்டாரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை முழுசாகத் திரும்பவில்லை. மோதிர விரலில் உணர்ச்சி வந்தது, சுண்டுவிரலில் வரவில்லை. மருந்தில் தோல் கறுத்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கேட்டபோது, எனக்குத் தொழுநோய், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நேராகவே சொல்லியிருக்கிறார். வீட்டாரைப் பரிசோதனைக்கு அழைத்துவர நாங்கள் ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. புருஷன், மாமியார், இரண்டு பையன்கள் எல்லாரையும் அவரே பஸ் ஏற்றிக் கூட்டி வந்தார். சின்னவனின் தோளுக்குக் கீழே ரூபாய்க் காசு அளவில் ஒரே ஒரு தேமல் இருந்தது. நரம்புகள் எல்லாம் நன்றாக இருந்தன. அன்றே அவனுக்கு ஆறு மாத மருந்தின் முதல் மாத்திரையைக் கொடுத்தோம்.