தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஏஏ கூட்டம் தேடுகிறவர்களுக்கு

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்பது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. குடியை விட நினைக்கிறவருக்கு எந்தக் கூட்டம் நல்லது என்று கேட்டால், அடுத்த வாரமும் போக முடிகிற கூட்டம்தான். சேலத்திலோ பெங்களூரிலோ பெரிய கூட்டம் நடக்கலாம். அரூரிலிருந்து கிளம்பி அங்கே போனவர், முடிந்து வெளியே வரும்போது கடைசி பஸ் போய்விட்டால் என்ன செய்வார்? டாஸ்மாக் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிறது. தனியாக, பசியோடு, கையில் பஸ் காசோடு நிற்கிற அந்த அரைமணி நேரம் ஆபத்தானது. அதனால் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், திரும்ப எந்த பஸ், இறங்கி நடக்கிற வழியில் கடை இருக்கிறதா என்பதை முதலிலேயே பாருங்கள்.

கூட்டத்துக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களில் சிலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். நடுக்கத்தை விரதக் களைப்பு என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போய் மனநலப் பிரிவில் காட்டுங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவது சரியல்ல. உடம்பில் தயமின் என்ற பி1 சத்து வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

மாலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மண்டலம் குடிக்காமல் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் பலருக்கு மாலையைக் கழற்றிய அன்றே பழையபடி ஆகிவிடுகிறது, ஏனென்றால் மறுநாளுக்கு எந்த ஏற்பாடும் இல்லை. விரத நாட்களிலேயே கூட்டத்துக்குப் போகத் தொடங்கினால், மாலை கழற்றும்போது பேச நாலு பேர் இருப்பார்கள்.

எங்கே விசாரிப்பது? குடிநோய் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் பழைய ஏஏ உறுப்பினர்கள் நோயாளிகளைப் பார்க்க வருவது வழக்கம். வார்டு நர்ஸிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-லும் கேட்கலாம், கட்டணம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் கூட்டப் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இடம் மாறியிருக்கும், நாள் மாறியிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது கடினம். போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போதே ‘ஓபன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா’ என்றும் கேளுங்கள். குளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். கூட வந்த மனைவியோ அண்ணனோ வெளியே நிற்க வேண்டியிருக்கும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. ஓசூரில் மொழியையும் கேட்டுவிடுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற ஊர். மனசில் இருப்பதைப் பேச வீட்டில் பேசுகிற மொழி வேண்டும். சிப்காட்டில் ஷிப்டு மாறி மாறி வருகிறவர்கள் ஒரே கூட்டத்தை நம்பாமல் வேறு கிழமையில் இன்னொன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற பயம் சின்ன ஊரில் நியாயமானது. பாலக்கோட்டுக்காரர் தருமபுரிக்கும், பர்கூர்க்காரர் கிருஷ்ணகிரிக்கும் போய்க்கொள்ளலாம். அங்கே தெரிந்த முகம் இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

உள்ளே போனால் பத்துப் பதினைந்து நாற்காலி இருக்கும். ஒருவர் ஏஏ பற்றிய சிறு முன்னுரையைப் படிப்பார். பிறகு ஒவ்வொருவராக, ‘என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கிப் பேசுவார்கள். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். உங்கள் முறை வரும்போது ‘இன்றைக்குக் கேட்கிறேன்’ என்று சொன்னால் போதும். தட்டு சுற்றி வரும்; அது வாடகைக்கும் டீக்கும், புதியவர் போட வேண்டியதில்லை. உறுப்பினர் கட்டணம் கிடையாது. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கடவுள் என்ற சொல் வரும். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் ஏஏ சொல்கிறது, எந்த மதத்திலும் சேரச் சொல்வதில்லை.

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் ஒருவரே முக்கால் மணி நேரம் பேசிவிடலாம். ஐந்தாறு முறையாவது போய்ப் பாருங்கள். ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, பணம் கேட்டாலோ, அந்த இடம் வேண்டாம். குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கிற பொடியை வீட்டார் வாங்கவே கூடாது. அதில் டைசல்பிராம் என்ற குடிநிறுத்த மருந்து கலந்திருந்து, அதன் மேல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பக்கத்தில் கூட்டமே இல்லாதவர்கள் போனில் ஜூம் வழியாகக் கலந்துகொள்ளலாம். மாதம் ஒரு முறையாவது நேரில் போய்விடுங்கள். முதல் நாளே இரண்டு பேரின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். குடித்த பிறகு அல்ல, கால் கடைப்பக்கம் திரும்பும்போதே கூப்பிடுங்கள். மீறிக் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்தை விடாதீர்கள். போதையோடு வந்தவரைப் பேச விடமாட்டார்கள். சத்தம் போடாமல் இருந்தால், உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள்.