கொச்சி பினாலேக்கு ஸ்கெட்ச்புக்கோடு போகிறவர்களுக்கு

கொச்சியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி-முசிறிஸ் பினாலேக்குப் போய்த் திரும்பும் ஓவியக் கல்லூரி மாணவர்களின் போனில் நானூறு படம் இருக்கும். ஸ்கெட்ச்புக்கில் நாலு பக்கம் நிறைந்திருந்தால் அதிசயம். அடுத்த வேலையைத் தொடங்கும்போது அந்த நானூறும் கைகொடுக்காது. ஒரு படைப்பு எத்தனை பெரியது, எதில் தொங்குகிறது, தரையை எங்கே தொடுகிறது என்பதெல்லாம் போட்டோவில் பாதிதான் தெரியும்.

ஏ5 அளவு நோட்டு, 4பி பென்சில் இரண்டு போதும். கடற்காற்றில் தாள் நமத்துப்போனால் மை ஊறும். பேனாவை உள்ளே விடாத கேலரிகளும் உண்டு. கிளம்புமுன் உங்கள் சாணையும் நடையில் ஓர் எட்டின் நீளத்தையும் அளந்து அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பை நீட்டினால் காவலாளி ஓடிவருவார். சுவரோரம் எட்டுகளை எண்ணி நடந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பல பதிப்புகளில் முக்கிய அரங்காக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், 1867-இல் தொடங்கிய வணிக நிறுவனத்தின் கடலோர வளாகம். அறைகள் ஏராளம். முதல் சுற்றில் நோட்டைத் திறக்காமல் நடந்து மூன்று படைப்புகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். அதற்குமேல் கண் மரத்துவிடும்.

லேபிளைக் கடைசியில் படியுங்கள். முதலில் பொருள், எண்ணிக்கை, வெளிச்சம் வரும் திசை, மேலிருந்து பார்த்தால் வரும் தரைப்படம். லேபிளில் 'அளவு மாறக்கூடியது' என்று இருந்தால் அந்த வேலை இடத்துக்கு ஏற்ப மாற்றி அமைக்கப்படுகிறது என்று பொருள். கலைஞர் எதை மாற்றியிருப்பார், எதைக் கட்டாயம் வைத்திருப்பார் என்று ஊகித்து எழுதுங்கள். வீடியோ என்றால் ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். நடுவில் நுழைந்தால், நுழைந்த காட்சி மறுபடி வரும்வரை எழுந்திருக்கக்கூடாது.

பக்கத்தில் ஒரு ஓரத்தை 'இவர் என்ன செய்யவில்லை' என்பதற்கு ஒதுக்குங்கள். பெரும்பாலும் சரக்கு அங்கேதான் இருக்கும். 2012-இல் கலைஞர்கள் ஷீலா கௌடாவும் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் வீடுகள் கைவிட்ட ஆட்டுக்கற்களை நூற்றுக்கும் மேல் கொண்டுவந்து இங்கே போட்டார்கள். மிக்ஸி வந்தபின் வேண்டாதவையாகி, உடைக்கவும் மனம் வராமல் தெருவில் நின்ற கற்கள். அவர்கள் எதையும் புதிதாகச் செதுக்கவில்லை. தேர்ந்தெடுத்து, சுமந்து, மிளகும் இஞ்சியும் வணிகமான வளாகத்தில் இறக்கியதுதான் வேலை. 2016-இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா ஓர் அறை நிறையக் கடல்நீர் விட்டார். கடலில் இறந்த சிரியச் சிறுவன் காலிப் குர்தியின் படத்தை எங்கும் மாட்டவில்லை. தண்ணீரில் இறங்கி மெதுவாக நடந்துதான் மறுமுனைச் சுவரில் இருந்த அவர் கவிதையை எட்ட முடிந்தது.

ஆட்டுக்கல் மாதிரி ஒரு வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பாட்டி வீட்டுப் பரணிலிருந்து பழைய சாமான்களை இறக்கிக் குவிப்பதுதான் வழக்கமான சறுக்கல். கல்லை எடுத்துக்கொள்ளாதீர்கள், முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஊரில் எறியவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கிடப்பது எது, அதை எந்த இடத்துக்கு நகர்த்தினால் பேசும்?

கலைக் கல்லூரி மாணவர்களின் படைப்புகளுக்காக 2014 முதல் நடக்கும் மாணவர் பினாலேவைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அங்கே கம்பிக்கட்டு தெரியும், ஈரத்தில் பசை விட்ட மூலை தெரியும், நம் கைக்காசுக்குள் எது முடியும் என்பதும் தெரியும். ஆஸ்பின்வாலில் வரைந்த அன்றிரவே போனைத் தொடாமல் அந்த மூன்று படைப்புகளையும் நினைவிலிருந்து வரையுங்கள். வரைய வராத பகுதியைச் சுழித்து வைத்து, மறுநாள் காலை அதை மட்டும் பார்க்கப் போங்கள்.