கோணல் காது

ஜூன் 3, செவ்வாய்

தலைக்கவசத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, இரண்டு நாளாகப் போகும்போதும் வரும்போதும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அக்கா வந்தாள். இடுப்பில் கைவைத்து ஒரு நிமிடம் பார்த்தாள். "என்னடா இது, ஒட்டுக்கேட்கிறவன் மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் அணியும் தலைக்கவசத்தின் நகல் இது. முகம் ஒரு துண்டு, மண்டை ஒரு துண்டு. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து எடுப்பார்கள். என்னுடையது ஏபிஎஸ் பிளாஸ்டிக். இரண்டு துண்டும் சேரும் இடத்தை மறைப்பவைதான் காதுகள். இடது காது இறங்கியிருக்கிறது. சந்தேகமே இல்லை.

ஜூன் 4, புதன்

சந்தேகம் வந்துவிட்டது. கீழ் விளிம்பிலிருந்து காதின் உச்சிவரை அளந்தேன். இடது 162 மில்லிமீட்டர். வலது 162 மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தும் அதேதான். கோணல் என்கிறது கண். இல்லை என்கிறது ஸ்கேல். வழக்கமாக நான் ஸ்கேலின் கட்சி.

கைபேசியில் படம் எடுத்துப் பார்த்தேன். கிட்டே நின்று எடுத்தால் முன்பக்கம் உப்பிக் காதுகள் பின்னே ஒளிந்துகொள்கின்றன. அந்தப் படத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மூன்று மீட்டர் தள்ளி நின்று, காட்சியைப் பெரிதாக்கி எடுத்தேன். பிறகு படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டேன். தினமும் பார்க்கிற முகத்தின் கோணலைக் கண் மன்னித்துவிடும். திருப்பிப் போட்ட முகம் அதற்கு அந்நியம். கோணல் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் காதில் அல்ல. கண்கள் இரண்டும் சேர்ந்தே ஒரு பக்கம் சரிந்திருந்தன.

ஜூன் 5, வியாழன்

குற்றவாளி விளிம்புதான். அதை வெட்டியவன் நான்.

மேசைமேல் ஒரு கண்ணாடிப் பலகையைப் போட்டு, ரசமட்டம் வைத்து நேராக்கினேன். அதன்மேல் தலைக்கவசம். ஒரு மரக்கட்டையில் பென்சிலைக் கிடையாகக் கட்டி, முனை ஒரு கண்ணின் கீழ்மூலையைத் தொடும்படி வைத்துவிட்டு, கட்டையை அப்படியே மறுபக்கம் நகர்த்தினேன். பென்சில் மறு கண்ணின் மூலைக்குக் கீழே போய் நின்றது. இடது விளிம்பின் அடியில் அட்டையை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தேன். இரண்டு மூலையும் ஒரே மட்டத்துக்கு வந்தபோது அட்டைகளின் கனம் 4 மில்லிமீட்டர்.

ஆக, இடது விளிம்பை 4 மில்லிமீட்டர் அதிகமாக வெட்டியிருக்கிறேன். அந்தக் கோணல் விளிம்பிலிருந்தே அளந்து காதுகளையும் பொருத்தியிருக்கிறேன். முகம் சாய்ந்திருக்க, காதுகள் மட்டும் நேராக நின்றிருக்கின்றன. முகத்தோடு ஒப்பிட்டால் இடது காது இறங்கவே இல்லை; 4 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது! செவ்வாய்க்கிழமையே அரத்தைக் கையில் எடுத்திருந்தால் தப்பான பக்கம் தேய்த்திருப்பேன்.

ஜூன் 7, சனி

அட்டைகளை எடுக்காமலே பென்சில் முனையை 4 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டேன். முன்னதாக விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தேன். வழுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்காது. இடப்பக்கம் கோடு விளிம்போடு ஒட்டிப் போய், வலப்பக்கம் 4 மில்லிமீட்டர் ஏறியது. அதற்கு மேல் போகாமல் வெட்டி, 220, 400 எண் உப்புத்தாள்களால் தேய்த்தேன். இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தொல்லை இடது காதில்தான். திருகாணித் துளை 3 மில்லிமீட்டர் அகலம். புதுத் துளையை 4 மில்லிமீட்டர் கீழே போட்டால், இரண்டு துளைகளுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். திருகாணியை முடுக்கியதும் பிய்ந்துவிடும். பழைய துளையை அடைத்தே ஆகவேண்டும். விளிம்பில் வெட்டிய துணுக்குகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அசிட்டோன் ஊற்றி வைத்திருக்கிறேன். ஏபிஎஸ் அதில் கரைந்து பசையாகிவிடும். ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது. பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லை. இருந்தும் அந்த நெடிக்குத் தலை வலிக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

உட்புறம் ஒரு சிறு ஏபிஎஸ் துண்டை ஒட்டிவிட்டு, வெளியிலிருந்து துளையில் பசையை அடைத்தேன். காயக் காய உள்வாங்குகிறது. இரவு இரண்டாவது முறை அடைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் அமுக்கிப் பார்த்தால் நகம் லேசாகப் பதிகிறது. தொடவில்லை.

ஜூன் 12, வியாழன்

முதலில் 2 மில்லிமீட்டர் துரப்பணம், பிறகு 3. ட்ரில்லை மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். வேகமாக ஓட்டினால் ஏபிஎஸ் வெட்டுப்படாமல் உருகி, துரப்பணத்தின் மேலேயே சுற்றிக்கொள்ளும்.

காதைப் பொருத்தினேன். பழைய இடத்துக்கென்று தேய்த்த காது அல்லவா? மேல்பக்கம் பிறைநிலா மாதிரி ஓர் இடைவெளி. பட்டி வைத்துப் பூசிவிடலாமா என்று கை அரித்தது. ஆனால் இரண்டு தனித் துண்டுகள் சேருகிற இடம். தலைக்கவசத்தை மாட்டிக் கழற்றும்போதெல்லாம் வளையும். பட்டி நிச்சயம் விரிசல் விடும். கொதித்து இறக்கிய நீரில் காதின் மேல்விளிம்பை மட்டும் நனைத்தேன். பிளாஸ்டிக் இளகிக் கைக்கு வளைந்துகொடுத்ததும், கையுறையோடு தலைக்கவசத்தின் மேல் வைத்து அழுத்தி, ஈரத்துணியால் குளிரவைத்தேன். இரண்டாவது முறையில் பிறை மூடிக்கொண்டது. இந்த ஒரு வாரத்தில் சொன்னபடி கேட்டது இந்த விளிம்பு ஒன்றுதான்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மூன்று மீட்டர் தள்ளி நின்று படம்; மறுபடி திருப்பிப் போட்டேன். சாய்வு போய்விட்டது. ஆனால் ஒரு கண் மற்றதைவிடச் சற்று அகலம். வாயின் பற்களும் சரிநடுவில் இல்லை. அரம் கைக்கு வந்துவிட்டது.

நல்லவேளையாக, படத்தில் பயன்படுத்திய தலைக்கவசங்களின் புகைப்படங்களை ஒருமுறை பார்த்தேன். அவையும் இப்படித்தான். கையால் வடித்த உருவத்திலிருந்து எடுத்த அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. அதே படத்துக்காகச் சிற்பி பிரையன் மியூர் களிமண்ணில் வடித்த, வில்லன் டார்த் வேடரின் முகமூடிக்கும் இடமும் வலமும் பொருந்தாது. அச்சோடு வந்த கோணலைத் தேய்த்து எடுத்தால் கிடைப்பது வேறொரு தலைக்கவசம். நான் உண்டாக்கிய கோணல் மட்டுமே என் கணக்கு. அரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

புருவத்தின் கறுப்பு ரப்பர் பட்டையை நடுவிலிருந்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு போனேன். ஓரத்திலிருந்து தொடங்கினால் ரப்பர் இழுபட்டுக் கடைசியில் குட்டையாகிவிடும். எல்லாம் முடிந்ததும் அலமாரியில் ஏற்றி, வாசற்படியில் நின்று பார்த்தேன்.

லேசாக, மிக லேசாக, இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அடிவயிறு கலங்கியது. ஒரு நிமிடம் கழித்து ரசமட்டத்தைக் கொண்டுவந்து அலமாரித் தட்டின் மேல் வைத்தேன். குமிழி வலப்பக்கம் ஓடிப்போய் நின்றது. தலைக்கவசத்தைத் தொடவில்லை. மிச்சமிருந்த அட்டைகளில் ஒன்றை மடித்து, அலமாரியின் இடது காலுக்கு அடியில் செருகினேன்.